நாய்க்குட்டி எங்கே வாங்குவது? முதலில் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்காவது புதிதாக நாய்க்குட்டி வந்தால், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எனக்கு போன் வரும். "அண்ணா, குட்டி நேத்துல இருந்து சாப்பிட மாட்டேங்குது, சுருண்டு சுருண்டு படுத்துக்குது." நான் டாக்டர் இல்லை. இருபது வருஷமாக நாய்களோடு குப்பை கொட்டுகிறவன், அவ்வளவுதான். அந்த போனில் நான் கேட்பது இரண்டே கேள்வி. எங்கே வாங்கினீங்க? தாயைப் பார்த்தீங்களா? முதல் கேள்விக்குச் சந்தை, கடை, இன்ஸ்டாகிராம், மச்சானின் நண்பர் என்று விதவிதமாகப் பதில் வரும். இரண்டாவதற்கு அநேகமாக ஒரே பதில்தான், இல்லை.

முதல்முறையாக நாய் வளர்க்கப் போகிறவர்கள், எங்கே போனால் என்ன கிடைக்கும், என்ன கேட்க வேண்டும், எங்கே இருந்து ஓட வேண்டும் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு இறங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சென்னையில் இருப்பவன் என்பதால் உதாரணம் எல்லாம் இங்கேயிருந்தே வரும்.

முதல் வேலை வீட்டுக்குள்ளே

குட்டி தேடுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு அரைமணி நேரம் பேசுங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து யார் வெளியே கூட்டிப்போவது? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது? பத்தாவது படிக்கும் பையன் அழுது அடம்பிடித்தான் என்று வாங்குவீர்கள், மூன்று வருஷத்தில் அவன் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான், நாய் இன்னும் பத்து வருஷம் இருக்கும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்கப்போவது அம்மாதான். ஆகவே அம்மாவைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், முடிந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் நாய் வளர்க்கக்கூடாது என்று தீர்மானம் போட முடியாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தாளைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, மேல்வீட்டு மாமியிடம் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது சீக்கிரம் வேலை செய்யும்.

அப்புறம் வெயில். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் மாதிரி பனிப்பிரதேச நாய்களை இந்த ஊர்ச் சித்திரை வெயிலில் வைத்திருப்பது பாவம், நாள் முழுக்க ஏசி போட்டாலும் பாவம்தான். பக் அழகுதான், 2003-ல் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் ஓடிய நாளிலிருந்து ஊரெங்கும் பக், ஆனால் அந்தச் சப்பை மூக்கால் வெயிலில் மூச்சு வாங்கி அது படும் பாட்டைப் பார்த்தவர்கள் இரண்டாவது பக் வாங்குவதில்லை.

தெருவிலிருந்து

பைசா செலவில்லாமல் குட்டி கிடைக்கும் இடம் உங்கள் தெரு. மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் பார்த்தால் நிறுத்திவைத்த கார் அடியில், கட்டுமான மணல் குவியல் மேல், ட்ரான்ஸ்பார்மர் பக்கத்தில் என்று ஈத்துக்கு ஐந்தாறு குட்டி உருண்டுகொண்டிருக்கும். பாதிக்கு மேல் வண்டியிலும் நோயிலும் போய்விடும். அதில் ஒன்றை நீங்கள் எடுத்தால் அதற்கு ஒரு ஆயுசு.

ஆனால் எடுக்கிற விதம் ஒன்று இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று மூன்று வாரக் குட்டியைத் தூக்கிவந்துவிடாதீர்கள். எட்டு வாரம் வரை அது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடத்தை உங்கள் கையில் நடத்தும். அதுவரை தினம் போய்ப் பாருங்கள், தாய்க்குச் சோறு வையுங்கள், அது உங்களை ஏற்றுக்கொண்டால் குட்டியைத் தொட விடும். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது நாய்க்கும் பொருந்தும். மனிதரைக் கண்டால் வாலாட்டும் தாயின் குட்டியும் பயமில்லாமல் வளர நல்ல வாய்ப்பு. ஆள் வந்தாலே ஒடுங்கி ஓடும் தாயென்றால் குட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டியிருக்கும், எடுக்கவே கூடாது என்றில்லை.

எடுத்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். உண்ணியைக் கையால் பிடுங்கிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். நேராகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் எடை போட்டு, எடைக்குத் தகுந்த பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் வாங்குங்கள். விளையாட்டாகக் கடித்தாலும் நகம் கீறினாலும் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிதானே என்று விடாதீர்கள்.

இன்னொன்று. குட்டியை எடுத்துவிட்டுத் தாயை மறந்துவிட்டால் அடுத்த வருஷம் அதே கார் அடியில் இன்னொரு ஈத்து. மாநகராட்சிக்கோ ஏதாவது விலங்கு நல அமைப்புக்கோ சொல்லித் தாய்க்குக் கருத்தடை செய்யப் பாருங்கள். தெருநாயின் காதில் ஒரு ஓரம் வெட்டியிருந்தால் ஏற்கெனவே கருத்தடை ஆனது என்று அர்த்தம்.

காப்பகத்திலிருந்து

சென்னையில் ப்ளூ கிராஸ் 1959-லிருந்து இருக்கிறது, அடையாறு பக்கம் பெசன்ட் மெமோரியல் இருக்கிறது. இவை போக வீட்டிலேயே நாலைந்து குட்டிகளை வைத்துப் பராமரித்து, வாட்ஸாப் குழுக்களில் படம் போட்டு வீடு தேடிக் கொடுக்கும் தனி ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. என்னைக் கேட்டால் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இந்தத் தனி ஆட்கள்தான் நல்ல வழி. ஏனென்றால் குட்டி ஒரு வீட்டுக்குள் வளர்கிறது, மிக்ஸி சத்தம் கேட்டிருக்கும், எங்கே ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கொஞ்சம் தெரிந்திருக்கும், அதன் குணம் என்ன என்று வளர்த்தவருக்குச் சொல்லத் தெரியும்.

போனதும் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். என்ன வேலை, சொந்த வீடா, பால்கனிக்கு வலை உண்டா, ஆதார் நகல் கொடுங்கள், வீட்டுக்கு வந்து பார்ப்போம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையை விசாரிப்பது போல இருக்கும். சிலர் கோபித்துக்கொண்டு, "இதுக்குக் காசு கொடுத்தே வாங்கிடலாம்" என்று போய்விடுகிறார்கள். கோபப்படாதீர்கள். கொடுத்த குட்டி மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்ததை நாலு தடவை பார்த்தவர்கள் அவர்கள். கேள்வியே கேட்காமல் "எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். கருத்தடை செய்வேன் என்று எழுதி வாங்குவார்கள். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்றும் எழுதி வாங்குவார்கள். அது உங்களுக்கும் நல்லதுதானே.

நீங்களும் கேளுங்கள். என்னென்ன ஊசி போட்டாயிற்று, சீட்டு எங்கே, அதே கூண்டுப் பக்கம் சமீபத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய் வந்ததா? கூட்டமாக நாய்கள் இருக்கும் எந்த இடத்திலும் இந்த நோய்கள் வரும், நல்ல காப்பகத்திலும் வரும். நேர்மையானவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

காப்பகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் குட்டியைத்தான் பார்க்கிறார்கள். மூன்று நாலு வயது நாய்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எவ்வளவு வளரும், குழந்தைகளோடு எப்படி, கத்துமா, கத்தாதா எல்லாம் ஏற்கெனவே தெரிந்த கணக்கு, செருப்பைக் கடிக்கும் வயசும் தாண்டியிருக்கும். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அப்படி வந்த ஒரு கிராஸ் லாப்தான், அதாவது லாப்ரடார் கலப்பு. முதல் பத்து நாள் சோபாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை, சோற்றுத் தட்டை அங்கேயே தள்ளிவிட்டுப் பேசாமல் இருந்தோம். பதினோராம் நாள் ராத்திரி அதுவாக வந்து என் கால்மேல் தாடையை வைத்துப் படுத்தது.

ப்ரீடரிடம் போவதென்றால்

குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்றால் அதில் தப்பில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. அதன்படி ப்ரீடர், அதாவது நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்பவர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாசம் ஆகாமல் இணை சேர்க்கக்கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுசுக்கு ஐந்துக்கு மேல் கூடாது.

இப்போது நம் ஊரில் குட்டி விற்கும் யாரிடம் வேண்டுமானாலும் வயசு கேட்டுப் பாருங்கள். "நாப்பத்தஞ்சு நாள் குட்டி சார்." எல்லாக் குட்டிக்கும் எல்லா நாளும் நாற்பத்தைந்து நாள்தான். எட்டு வாரம் என்பது ஐம்பத்தாறு நாள். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் சட்டப்படி அது விற்கக்கூடாத குட்டி, பெரும்பாலும் அது முப்பது முப்பத்தைந்து நாள்தான் இருக்கும். வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பாற்பற்கள் கிட்டத்தட்ட எல்லாம், இருபத்தெட்டும், வந்திருக்கும். முன்னால் ஊசி போல நாலு பல் மட்டும் எட்டிப்பார்த்து, பின்னால் ஈறு மொழுமொழுவென்று இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நேரில் போங்கள், பகலில் போங்கள், தாயைக் காட்டச் சொல்லுங்கள். "தாய் ஃபார்ம்ல இருக்கு", "இப்பதான் வாக்கிங் கூட்டிப் போயிருக்காங்க", "அது கடிக்கும் சார்", இதெல்லாம் பதில் இல்லை. தாய் முன்னால் வந்து நின்றால் என்ன பார்க்க வேண்டும்? முலைக்காம்பு தொங்கிப் பால் கொடுத்த அடையாளம் இருக்கிறதா, குட்டிகள் ஓடிப்போய் முட்டுகின்றனவா (வேறு நாயைக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு), தோலில் சொறி இருக்கிறதா, எலும்பும் தோலுமாக இருக்கிறதா, ப்ரீடர் பக்கத்தில் வரும்போது வாலை ஆட்டுகிறதா இல்லை காலுக்கிடையில் சொருகிக்கொள்கிறதா. அந்த வால் ஒன்று போதும், அந்த இடத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும். முழங்கையிலும் இடுப்பிலும் முடி உதிர்ந்து தோல் காய்த்துப் போயிருந்தால் அது பெரும்பாலும் சிமெண்ட் தரையில் கூண்டிலேயே கிடக்கிற நாய்.

லாப், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய இனம் என்றால் தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். நிறையப் பேர் முழிப்பார்கள். எடுத்துக் காட்டும் ஒருவர் கிடைத்தால் பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும், ஐந்து வயசில் பின்னங்கால் தூக்க முடியாத நாயை மாடிப்படியில் தூக்கி இறக்கியவன் சொல்கிறேன்.

அப்புறம் பேப்பர். இன நாய்களைப் பதிவு செய்து சான்றிதழ் தருவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, சுருக்கமாகக் கேசிஐ, தலைமையகம் சென்னையில்தான். அவர்கள் தரும் சான்றிதழில் குட்டியின் முன்னோர் பெயர்களும் மைக்ரோசிப் எண்ணும் இருக்கும். அந்த எண்ணும் குட்டியின் கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும் சிப்பும் ஒன்றுதானா என்று சிப்பைப் படிக்கும் ரீடரை வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். "பேப்பர் பின்னாடி வரும்" என்பது வராத பேப்பர். அதேபோல, பேப்பர் இருந்தால் நல்ல ப்ரீடர் என்றும் நினைக்காதீர்கள், பேப்பர் சொல்வது வம்சத்தை மட்டும், வளர்த்த விதத்தை இல்லை. நல்ல ப்ரீடரை அடையாளம் காண ஒரு வழி, அவரும் காப்பகத்துக்காரர் மாதிரி உங்களைக் கேள்வி கேட்பார், இப்போது குட்டி இல்லை ஆறு மாசம் காத்திருங்கள் என்பார். பத்து இனம் வைத்துக்கொண்டு எது கேட்டாலும் நாளைக்கே தருகிறேன் என்பவர் வியாபாரி.

சந்தை, ரோட்டோரம், போனில் வரும் படம்

நான் முதலில் வாங்கிய லாப் குட்டி ரோட்டோரத்து அட்டைப் பெட்டியிலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டிக்குள் ஆறு குட்டி, நான் கேட்பதற்குள் ஒன்றைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார். கையில் வந்துவிட்டால் முடிந்தது கதை, உங்களுக்கும் அப்படித்தான் ஆகும். ஊசி போட்டாச்சு என்று ஒரு சீட்டு, அதில் டாக்டர் கையெழுத்து இல்லை, ஊசிக் குப்பியிலிருந்து பிரித்து ஒட்டும் லேபிளும் இல்லை. அப்போது அதெல்லாம் பார்க்கத் தெரியாது. மூன்றாம் நாள் வாந்தி, நாலாம் நாள் ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் வரிசையில் நின்று, மடியில் துண்டைப் போட்டுக் கிடத்தி, முன்னங்காலில் ட்ரிப் ஏற்றினோம். அந்தக் காலே என் விரல் கனம்தான் இருந்தது. ஆறாம் நாள் காலை போய்விட்டது. பார்வோ.

அதைவிட முட்டாள்தனம், வீட்டில் எல்லோரும் அழுகிறார்களே என்று ஒரே மாசத்தில் இன்னொரு குட்டி தேட ஆரம்பித்தேன். பக்கத்துத் தெரு டாக்டர்தான் திட்டி நிறுத்தினார். பார்வோ கிருமி மண்ணில், தரையில், சாக்கில் மாசக்கணக்காக உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலை நம்பக்கூடாது, ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும், தடுப்பூசி முழுதும் முடியாத குட்டி அந்த வீட்டுக்குள் பல மாசம் வரக்கூடாது. உங்கள் வீட்டில் முன்பு இப்படி ஒரு குட்டி போயிருந்தால் அடுத்து ஊசி முடிந்த வளர்ந்த நாயாகப் பாருங்கள்.

சந்தைக் குட்டிகள் பல ஈத்துக் குட்டிகள், ஒரே பெட்டியில் வந்தவை. ஒரு குட்டிக்கு நோய் இருந்தால் எல்லாவற்றுக்கும் வரும். பரிதாபப்பட்டு "இதையாவது காப்பாத்தலாம்" என்று வாங்குகிறவர்களும் உண்டு, மனசு புரிகிறது, ஆனால் அந்த இடம் காலியானால் அடுத்த வாரம் இன்னொரு குட்டி வந்து உட்காரும்.

ஆன்லைன் வேறு கதை. படத்தில் பஞ்சு மாதிரி ஒரு பொமரேனியன், பாதி விலை, ஆள் பெங்களூரில் இருக்கிறேன் என்பார். முன்பணம் இரண்டாயிரம் ஜிபே. அப்புறம் விமானக் கூண்டுக்கு ஐயாயிரம், இன்ஷூரன்ஸுக்கு மூவாயிரம், "அது ரீஃபண்ட் ஆகிடும் சார்". கடைசியில் குட்டி ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டது, இன்னும் எட்டாயிரம். அந்தக் குட்டி பூமியில் இல்லை. வீடியோ காலில் உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிக் குட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், நெட்வொர்க் போய்விடும்.

நம்ம ஊர் இனங்கள்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வந்தது. வெயில் தாங்கும், முடி குட்டை, பராமரிப்பு கம்மி, எல்லாம் உண்மை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டப் பிறந்த ஓட்டக்கார நாய்கள். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நடை கூட்டிப்போனால் அது வீட்டை ஓடுகளமாக்கிவிடும். வெளியே வாரைக் கழற்றிவிட்டால் பூனை ஒன்றைப் பார்த்த நொடியில் மறைந்துவிடும், கூப்பிட்டால் காதில் விழாது.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை வருவதுண்டு. அதனால் குட்டி தூங்கும்போதோ முதுகு காட்டி நிற்கும்போதோ பின்னாலிருந்து, காற்றோ அதிர்வோ தட்டாத தூரத்தில் கை தட்டிப் பாருங்கள். மற்றது எல்லாம் திரும்ப, ஒன்று மட்டும் திரும்பாமல் இருந்தால் புரிந்துவிடும். விருதுநகர், தூத்துக்குடி, தேனி பக்கம் இவற்றைத் தலைமுறையாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே போய்த் தாயோடு பார்த்து வாங்குவது நல்லது, சென்னையில் "ஒரிஜினல் சிப்பிப்பாறை" என்று விற்பதில் பாதி ஒல்லியான வேறு ஏதோ.

தெரிந்தவர் கொடுத்தால்

நண்பர் வீட்டில் நாய் குட்டி போட்டால் தாய் கண்ணெதிரே இருக்கிறது, அதுவரைக்கும் சரி. தாய்க்கு ஊசி போட்டிருக்கிறார்களா, இணை சேர்த்தது கூடப்பிறந்ததோடு இல்லையே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். "வெளிநாடு போறோம், நாய எடுத்துக்கோங்க" என்று வருவதும் உண்டு. நல்ல நாய்கள் இப்படிக் கிடைக்கும், ஆனால் உண்மைக் காரணம் கடிப்பதாகவும் இருக்கலாம். ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறேன் என்று பேசி வாங்குங்கள்.

கொண்டுவரும் நாள்

லீவு நாளாகப் பாருங்கள், தீபாவளி வாரம் வேண்டவே வேண்டாம். இதுவரை என்ன சாப்பிட்டது என்று கேட்டு ஒரு வாரத்துக்கு அதையே கொடுங்கள். முதல் இரண்டு நாளுக்குள் டாக்டர். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கும், பல நோய்க்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டும், மூன்று மாசத்தில் ரேபிஸ். இது முடியும்வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள், தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டலாம். ரேபிஸ் ஊசிச் சீட்டு இருந்தால்தான் மாநகராட்சி உரிமம் கிடைக்கும், சென்னையில் மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். ராட்வைலர், பிட்புல் ஆசை இருந்தால் வாங்குவதற்கு முன்பே மாநகராட்சியில் விசாரித்துவிடுங்கள்.

கிளம்பும்போது தாய் படுத்திருந்த சாக்கிலோ பழைய சேலையிலோ ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ராத்திரி குட்டி ஊளையிடும். படுக்கையில் அந்தத் துண்டைப் போட்டு, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நாற்றமடிக்கிறதே என்று அதைத் துவைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருமுறை நல்லெண்ணத்தில் சர்ஃப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள், அன்றைக்கு விடியும்வரை எங்கள் வீட்டிலும் தூக்கமில்லை, எதிர்வீட்டிலும் தூக்கமில்லை.